கோளாறு அலுமினியப் பாரில் இல்லை, இணைப்பில்: ஒரு ரோபோகான் ரோபோ அடிச்சட்டத்தின் நிகழ்வு ஆய்வு

கோவையை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரி. ரோபோகான் என்னும் மாணவர் ரோபோ போட்டிக்காக அதன் அணி கட்டிய ரோபோ, நேராகப் போகச் சொன்னால் இடப்பக்கம் இழுத்தது. மெக்கானம் சக்கரம் (விளிம்பில் சாய்ந்த உருளைகள் பதித்தது) நான்கு, ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார், சுற்றை அளக்கும் தனி என்கோடர். மோட்டார் வேகத்தைச் சீராக்கும் பிஐடி கணக்கின் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக் களைத்துப் போயிருந்தார்கள். ஒரு நாள் சொன்னபடி ஓடும். மறுநாள் அதே புரோகிராம் கோடு, அதே பேட்டரி, ஆனால் வேறு பக்கம் திரும்பி நிற்கும். "கோடுல ஒண்ணும் தப்பில்லீங்க சார், நேத்து நேராத்தான் போச்சு" என்றார் புரோகிராமிங் பார்க்கும் மாணவி. அவர் சொன்னது முழு உண்மை.

லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு அளவு நாடாவையும் ஓர் ஏ4 தாளையும் எடுத்தோம். அடிச்சட்டம் 600 மி.மீ. சதுரம். மூலைக்கு மூலை 848.5 மி.மீ. இருக்க வேண்டும். ஒரு மூலைவிட்டம் 852, மற்றது 845. இந்த 7 மி.மீ. வித்தியாசத்துக்கு அர்த்தம், மூலைகள் 90 டிகிரியிலிருந்து ஏறக்குறைய அரை டிகிரி நகர்ந்து சதுரம் சாய்சதுரமாகிவிட்டது என்பது. அடுத்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் தாளைச் செருகி இழுத்தோம். மூன்று சக்கரங்கள் தாளைக் கவ்விப் பிடித்தன. நான்காவதின் அடியிலிருந்து தாள் வெண்ணெய்போல் வழுக்கி வந்தது. மெக்கானத்தில் நான்கு சக்கரத்தின் சாய்ந்த உந்துதலும் ஒன்றையொன்று சமன் செய்தால்தான் வண்டி நேராகப் போகும். ஒன்று அந்தரத்தில் சுற்றினால் மீதி மூன்றும் வண்டியைத் திருப்பிவிடும். எந்த பிஐடி எண்ணும் அதைச் சரிசெய்யாது.

ஆக, விஷயம் சட்டத்தில். சட்டம் என்றதும் அணி எடுத்த முடிவு: "2020 பத்தல சார், 3030-க்குப் போயிரலாம்." அதாவது 20×20 மி.மீ. அலுமினியப் பாரை விட்டு 30×30-க்கு. பெரும்பாலான மாணவர் அணிகள் இந்த இடத்தில்தான் பணத்தையும் எடையையும் வீணாக்குகின்றன. பார் வளையவில்லை. இணைப்பு வழுக்கியது.

சட்டம் எப்படித் தேர்வானது

ஏபியு (ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம்) ரோபோகான் 2002-ல் டோக்கியோவில் தொடங்கிய போட்டி. இந்தியச் சுற்றில் ஜெயிக்கும் அணி ஆசிய-பசிபிக் சுற்றுக்குப் போகும். ஒவ்வோர் ஆண்டும் ஆட்டம் மாறும். 2022-ல் இந்தியாவே நடத்தியபோது லகோரி, அதாவது நம்மூர் ஏழு கல் ஆட்டம்தான் கரு. போன வருடம் கட்டிய ரோபோ இந்த வருடம் அப்படியே உதவாது, பிரித்து வேறொன்று கட்ட வேண்டும். இதற்கு அலுமினிய எக்ஸ்ட்ரூஷன், அதாவது நான்கு பக்கமும் நீளவாக்கில் பள்ளம் ஓடும் பார், கச்சிதமாகப் பொருந்துவதுபோல் தெரியும். துளை போட வேண்டாம், வெல்டிங் வேண்டாம், நட்டைத் தளர்த்தினால் எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம், அடுத்த வருடத்துக்கும் அதே பார். இந்த வாதத்தில் தவறில்லை. ஆனால் பல ஆண்டு விதிகளில் அணியின் ரோபோக்கள் அனைத்துக்கும் சேர்த்து 50 கிலோ என்று வரம்பு வைக்கிறார்கள். அதனால் கிராம் கணக்கும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவர்கள் வாங்கியது 20×20 மி.மீ. பார், 6 மி.மீ. வாய் கொண்ட பள்ளம், வார்ப்பு கார்னர் பிராக்கெட், ஹாமர் நட், எம்5 பட்டன் ஹெட் போல்ட். மோட்டாரைத் தாங்க 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் லேசர் கட்டிங். எல்லா இடத்துக்கும் ஒரே நீளம் இருந்தால் குழப்பம் வராது என்று போல்ட் அனைத்தையும் 12 மி.மீ. நீளத்தில் வாங்கியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளெய்ன் வாஷர், அதன் மேல் ஒரு ஸ்பிரிங் வாஷர். பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது.

பிரித்துப் பார்த்தபோது

தூக்கி நின்ற சக்கரத்தின் மோட்டார் தகட்டை மர மேலட்டால் லேசாகத் தட்டினோம். தகடு நகர்ந்தது. போல்ட்டில் அலன் கீயைப் போட்டுத் திருகினால் அசையவில்லை, நன்றாக இறுகியிருந்தது. இறுகிய போல்ட்டுக்குக் கீழே தகடு எப்படி நகரும்?

போல்ட்டைக் கழற்றியதும் விடை கிடைத்தது. பாரின் பள்ளத்தின் அடியில், அனோடைசிங் பூச்சு பெயர்ந்து, எம்5 போல்ட்டின் நுனி அளவுக்கு வட்டமாக ஒரு பளபளப்பான கடி. போல்ட் நுனி பள்ளத்தின் தரையைத் தொட்டு அங்கே முட்டி நின்றிருக்கிறது.

கணக்கு மிகச் சுலபம். 12 மி.மீ. போல்ட்டில் தகடு 3, பிளெய்ன் வாஷர் 1 போனால் மிச்சம் 8. பள்ளத்தின் ஆழம் சுமார் 6. எஞ்சிய 2 மி.மீ. இடைவெளியை நிரப்பிக்கொண்டு ஸ்பிரிங் வாஷர் உட்கார்ந்திருந்தது. எம்5 ஸ்பிரிங் வாஷர் முழுதும் தட்டையானால் தடிமன் சுமார் 1.2 மி.மீ. அது அரைகுறையாக அமுங்கிய நிலையிலேயே போல்ட் தரையில் முட்டிவிட்டது. அதற்கு மேல் முறுக்கிய விசை முழுவதும் நட்டைப் பள்ளத்தின் உதட்டில் அழுத்தவும் நுனியைத் தரையில் குத்தவும் போயிற்று. தகட்டைப் பிடித்திருந்தது அந்த வாஷரின் வளைவு மட்டுமே. கைக்கு இறுக்கம், கண்ணுக்கு நிறைவு, தகட்டுக்கு ஒன்றுமில்லை. அதே போல்ட் கார்னர் பிராக்கெட்டில் சரியாக வேலை செய்தது. பிராக்கெட்டின் தடிமன் கூடுதல் என்பதால் நுனி தரை வரை எட்டவில்லை.

ஸ்பிரிங் வாஷர் இல்லாமல் இருந்திருந்தால் போல்ட் தலைக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி பளிச்சென்று தெரிந்திருக்கும், அன்றைக்கே பிடித்திருக்கலாம். அதிர்வில் கழலாமல் காக்கும் என்று நம்பித்தான் நம் ஊர்ப் பட்டறைகள் எல்லாவற்றிலும் இதைப் போடுகின்றன. 1969-ல் ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர், போல்ட்டைக் கழற்றுவது பக்கவாட்டு அசைவுதான் என்று சோதனையில் காட்டினார். அந்த அசைவை நிறுத்துவது போதுமான இறுக்க விசை. 1990-ல் நாசா வெளியிட்ட ஃபாஸ்ட்னர் கையேடோ, ஸ்பிரிங் வாஷர் தட்டையாகிவிட்டால் சாதாரண வாஷர்தான், பூட்டுவதற்கு அதனால் பயனில்லை என்றே சொல்கிறது. இத்தனைக்குப் பிறகும் போல்ட் கேட்டால் கூடவே அதையும் அள்ளிப் போட்டுக் கொடுக்காத கடையை நான் பார்த்ததில்லை.

மூலைகள் ஏன் நகர்ந்தன என்பது வேறு கதை. ஹாமர் நட்டைப் பள்ளத்துக்குள் நேராகப் போட்டு, போல்ட்டைத் திருகினால் அது கால்வட்டம் திரும்பி உதட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். திரும்பாமல் பாதியில் நின்றாலும் போல்ட் இறுகும், ஆனால் கவ்வும் பரப்பு கொஞ்சமே. பாரின் முனை வழியாக மொபைல் டார்ச் அடித்துப் பார்த்ததில் பல நட்டுகள் கோணலாக நின்றிருந்தன. முழுதாகத் திரும்பினாலும் ஹாமர் நட் உதட்டைத் தொடும் பரப்பு ஸ்லைடிங் நட்டைவிடக் குறைவு. ஸ்லைடிங் நட் பள்ளத்தின் நீளவாக்கில் முழுதாகப் படியும். சிக்கல் என்னவென்றால், அதைச் சட்டத்தைப் பூட்டும் முன்பே முனை வழியாக உள்ளே விட்டாக வேண்டும். மறந்தால் மூலையைப் பிரிக்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு பள்ளத்திலும் தேவைக்கு மேல் ஒன்றிரண்டு நட்டை முதலிலேயே போட்டு விடச் சொல்வேன். இடையில் ஏதாவது மாட்ட வேண்டி வந்தால் கைகொடுக்கும்.

இறுக்கும் விசைக்கு வருவோம். பட்டன் ஹெட் எம்5-க்கு 3 மி.மீ. அலன் கீ. உருளைத் தலை அலன் போல்ட் எம்5-க்கு 4 மி.மீ. பட்டன் ஹெட்டின் குழி சின்னது, ஆழமும் குறைவு. சற்று அழுத்தி முறுக்கினால் குழி வட்டமாகிவிடும், பிறகு கழற்றவே முடியாது. இந்தப் பயத்தால் மாணவர்கள் விரல் பலத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்படி இறுக்கினால் தோராயமாக 2 நியூட்டன் மீட்டர். எம்5-ல் அது தரும் இறுக்க விசை ஏறக்குறைய 2000 நியூட்டன். அலுமினியத்துக்கும் அலுமினியத்துக்கும் உராய்வு எண்ணை 0.2 என்று தாராளமாக வைத்தாலும், அந்த இணைப்பு 400 நியூட்டனில் வழுக்கும். 4 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் இது இரட்டிப்பாகும். 24 கிலோ ரோபோ, ஒரு சக்கரத்துக்கு 60 நியூட்டன் என்று பார்த்தால் 400 போதும்போலத் தோன்றும். மைதானத்தின் கட்டைமீது ஏறி இறங்கும்போது வரும் அடி இந்த நிலைக் கணக்குக்குள் அடங்காது. ஓரத்தில் விழும் விசையைச் சின்ன பிராக்கெட் நெம்புகோலாகப் பெருக்கவும் செய்யும்.

இந்த வகைச் சட்டத்தில் எந்த இணைப்பும் துளையில் உட்கார்ந்து நிற்கவில்லை. எல்லாமே உராய்வில் நிற்கிறது. நகர்த்த முடியும் என்பதற்காகத்தானே வாங்கினோம், அது நகரத்தான் செய்யும்.

பார் போதுமா என்ற கேள்வி

3030 வேண்டுமா என்பதைக் கணக்குப் போட்டே தீர்த்தோம். 2020 பாரின் வளைவு எதிர்ப்பு, அதாவது இரண்டாம் நிலைத் திருப்புத்திறன், சுமார் 0.7 செ.மீ.⁴. 600 மி.மீ. இடைவெளியில் இரு முனையும் தாங்கி, நடுவில் 100 நியூட்டன், ஏறக்குறைய 10 கிலோ, வைத்தால் 0.9 மி.மீ. தொய்யும். கண்ணுக்கே தெரியாது. சக்கரத்தைத் தூக்கி நிறுத்தியது இந்தத் தொய்வு இல்லை.

"6082-ல வாங்குனா விறைப்பா இருக்குமா சார்?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. நம் ஊர்க் கடையில் 6063-ஐ எச்.இ.9 என்றும் 6082-ஐ எச்.இ.30 என்றும் சொன்னால்தான் எடுத்துத் தருவார்கள். எச்.இ.30 பலம் கூடியது, நிரந்தரமாக வளையுமுன் அதிகம் தாங்கும். ஆனால் விறைப்பு இரண்டுக்கும் ஒன்றே. அலுமினியக் கலவை எதுவானாலும் மீட்சிக் குணகம் 70 கிகாபாஸ்கலை ஒட்டித்தான் இருக்கும். தொய்வு உறுத்தினால் உருவத்தை மாற்ற வேண்டும், கலவையை மாற்றிப் பயனில்லை.

உருவம் என்றதும் ஜன்னல் கதவு செய்கிறவர்களின் செக்‌ஷன் கடைக்குப் போனோம். "பாக்ஸ் பைப்புங்களா தம்பி, நாப்பதுக்கு இருவது இருக்குதுங்க, ஒண்ணரை எம்எம்" என்றார் கடைக்காரர். 40×20 மி.மீ., சுவர் 1.5 மி.மீ. மீட்டருக்கு 0.46 கிலோ. 2020 பாரும் மீட்டருக்கு அரைக் கிலோவை ஒட்டியதுதான். எடை ஏறக்குறைய ஒன்று, ஆனால் பைப்பை நிற்கவைத்தால் திருப்புத்திறன் 3.5 செ.மீ.⁴. ஐந்து மடங்கு. படுக்க வைத்தாலும் 1.15, அப்போதும் 2020-ஐவிட மேல். அதே 100 நியூட்டனுக்கு நிற்கும் பைப் 0.2 மி.மீ.கூடத் தொய்யாது. 3030 மீட்டருக்கு ஒரு கிலோவை நெருங்கும், திருப்புத்திறனோ 3 செ.மீ.⁴-க்குள்தான்.

முறுக்கத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. நாலு சக்கரமும் ஒரே தளத்தில் இருக்க வேண்டிய வண்டிக்கு அதுதான் முக்கியம். நான்கு பக்கமும் வாய் திறந்த பார், முறுக்கினால் எளிதில் இடம் கொடுக்கும். மூடிய பெட்டிக் குழாய் கொடுக்காது.

பள்ளத்துக்காக நாம் தரும் விலை இதுதான். நகர்த்தும் வசதிக்காக விறைப்பை இழக்கிறோம், எடையைக் கூட்டுகிறோம். பிராக்கெட், நட்டு, போல்ட் என்று வாங்கிச் சேர்த்தால் அந்தச் செலவு பார் விலையையே தொட்டுவிடும். நகர்த்தப் போகிற இடத்தில் இது நியாயமான விலை. அடிச்சட்டத்தை யார் நகர்த்தப் போகிறார்கள்? சக்கர இடைவெளி முதல் வடிவத்திலேயே முடிவாகிவிட்டது. அதன் பிறகும் அங்கே பள்ளம் எதற்கு?

செய்தது என்ன

அடிச்சட்டம் முழுவதும் 40×20 பாக்ஸ் பைப்புக்கு மாறியது. ஒவ்வொரு மூலையிலும் மேலும் கீழும் 3 மி.மீ. தகட்டில் வெட்டிய கஸெட் (மூலையை இணைக்கும் தகடு), 4.8 மி.மீ. பாப் ரிவெட். தகட்டைக் கிளாம்ப் போட்டுப் பிடித்து, மூலைமட்டம் வைத்து, மூலைவிட்டம் இரண்டையும் அளந்து சரிபார்த்த பிறகே தகடும் பைப்பும் சேர்ந்து ஊடுருவும்படி 4.9 மி.மீ. டிரில் ஓட்டப்பட்டது. தனித்தனியாகத் துளை போட்டுப் பிறகு பொருத்தினால் துளைகள் ஒருபோதும் நேராக வராது. 4.8 மி.மீ. அலுமினிய ரிவெட் ஒன்று வெட்டு விசையில் 1000 நியூட்டனுக்கு மேல் தாங்கும். உராய்வை நம்ப வேண்டியதில்லை, துளையின் சுவரே பிடிக்கும்.

பைப்பை வெட்டுவதில் ஒரு தகராறு வந்தது. ஹேக்சாவால் வெட்டலாம் என்றது ஒரு கட்சி. வெட்டு ஒரு டிகிரி சாய்ந்தால், அந்த முகத்தில் பொருத்தி நிறுத்தும் 600 மி.மீ. பார் மறுமுனையில் 10 மி.மீ. விலகி நிற்கும். கோவை கணபதி பகுதியில் ஒரு பட்டறையில் கட்டிங் மெஷினில் ஸ்டாப்பர் வைத்து, ஒரே நீளத் துண்டுகளையெல்லாம் ஒரே அமைப்பில் வெட்டி வாங்கினோம். நீளம் அரை மி.மீ. கூடக்குறைய இருந்தாலும் பரவாயில்லை, எதிரெதிர்த் துண்டுகள் ஒன்றுபோல் இருந்தால் சதுரம் தானாக வரும்.

மோட்டார் தகட்டுக்கு மட்டும் போல்ட், கழற்றி மாட்ட வேண்டும் என்பதால். பைப்பின் ஊடே போல்ட் விட்டு இறுக்கினால் மெல்லிய சுவர் உள்ளே அமுங்கிவிடும். அதனால் பைப்புக்குள் 17 மி.மீ. நீளத்தில் அலுமினிய புஷ் (குட்டிக் குழல்), அதன் வழியே உருளைத் தலை அலன் போல்ட், மறுபக்கம் நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் கழலாதது). ஸ்பிரிங் வாஷர் இல்லை.

விறைத்த சட்டத்திலும் ஒரு வில்லங்கம் உண்டு. தரை சமமாக இல்லாவிட்டால் நாலு கால் மேஜை ஆடுவதுபோல் விறைத்த வண்டியிலும் ஒரு சக்கரம் தூக்கும். முன்னிரு சக்கரங்களைத் தாங்கும் குறுக்குப் பைப்பை நடுவில் ஒற்றை எம்8 போல்ட்டில், புஷ் வைத்து, சற்றே ஊசலாட விட்டார்கள். இப்போது தாள் எந்தச் சக்கரத்துக்கு அடியிலும் வழுக்கி வருவதில்லை.

மேலே நிற்கும் தூக்கிக் கம்பம் பள்ளப் பாரிலேயே இருக்கிறது, 2040 (20×40 மி.மீ.). பிடிக்கும் கையின் உயரம் ஒவ்வொரு வாரமும் மாறிக்கொண்டிருந்தது, அங்கே பள்ளம் தன் விலைக்கு வேலை செய்கிறது. ஆனால் அங்கேயும் ஹாமர் நட்டுக்குப் பதில் ஸ்லைடிங் நட். 3 மி.மீ. தகடு வருகிற இடத்தில் எம்5-க்கு 8 மி.மீ. நீளம், பிராக்கெட் வருகிற இடத்தில் 10. இரண்டும் கலந்துவிடாமல் இருக்க 10-இன் தலையில் நெயில் பாலிஷ் பொட்டு. கம்பத்தின் அடியை பிராக்கெட்டில் நிறுத்தாமல், பாரின் நடுத்துளைகளில் எம்5 டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு, கீழிருந்து தகடு வழியாக நேர் போல்ட். அந்தத் துளை பெரும்பாலும் 4.2 மி.மீ., எம்5 டேப்புக்கு வேண்டிய அளவே. டிரில்கூட வேண்டாம். சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, அரைச்சுற்று முன்னே கால்சுற்று பின்னே என்று ஓட்டினால் 20 மி.மீ. ஆழத்துக்குச் சுத்தமான மரை கிடைக்கும். செலவு ஒன்றுமில்லை, பிராக்கெட் எடையும் மிச்சம்.

பள்ளத்துக்குள் நைலாக் போட வழியில்லாததால் அங்கே மரையில் விடும் திரவப் பூட்டு, நீல நிற நடுத்தர வகை. ஒரு துளி போதும். துத்தநாகப் பூச்சு, ஸ்டெயின்லெஸ் ஆகியவற்றில் இது மெதுவாகத்தான் இறுகும், ஒரு நாள் விட்டுவிட வேண்டும். பாலிகார்பனேட், ஏபிஎஸ் பிளாஸ்டிக் பக்கத்தில் இதைக் கொண்டுபோகக் கூடாது, பட்ட இடத்தில் முடி முடியாக விரிசல் விடும். எலெக்ட்ரானிக்ஸ் பெட்டி பிளாஸ்டிக்கில் இருந்தால் அங்கே நைலாக் மட்டும்.

பள்ளி அணிகளுக்கு ஒரு வார்த்தை

பள்ளி அளவில், 18 அங்குலக் கனசதுரத்துக்குள் தொடங்க வேண்டிய எஃப்டிசி (ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச்) ரோபோ போட்டியில் இதே பிரச்சினைக்கு ரெவ் நிறுவனத்தின் 15 மி.மீ. பார் தலைகீழான தீர்வு வைத்திருக்கிறது. எம்3 போல்ட்டின் அறுகோணத் தலை பள்ளத்துக்குள் ஓடும், நட்டு வெளியே இருக்கும். நட்டு வெளியே என்பதால் நைலாக் போடலாம், நீளம் கூடினால் வெளியே துருத்தும், தரையில் முட்டாது. கோபில்டா நிறுவனத்தின் பாகங்கள் போல 8 மி.மீ. இடைவெளியில் துளைகள் போட்டு எம்4-ல் பூட்டும் முறையில் நகர்த்தும் சுதந்திரம் குறைவு, ஆனால் அளவு மாறாது. புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் சொல்வேன். வெக்ஸ் ரோபோ கிட்டில் வருவது 8-32 எனப்படும் அங்குல முறை மரை. எம்4-ஐ அதோடு ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். தடிமன் கிட்டத்தட்ட ஒன்று, நட்டு ஒன்றிரண்டு சுற்று சமர்த்தாக ஏறும், பிறகு மரையைத் தின்றுவிட்டு நிற்கும்.

பிறகு

புதிய அடிச்சட்டம் பயிற்சி ஓட்டங்களில் அடி வாங்கிய பிறகும் இரண்டு மூலைவிட்டங்களும் ஒரு மி.மீ.க்குள் ஒத்திருந்தன. பிஐடி எண்களை அந்த மாணவி ஒரே மாலையில் முடித்துவிட்டார். குறையும் உண்டு. லைன் சென்சரைப் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்று கடைசி நேரத்தில் முடிவாகி, குறுக்கே வந்த கஸெட் ஒன்றின் ரிவெட்டுகளை டிரில்லால் குடைந்து எடுக்க வேண்டியதாயிற்று. பள்ளப் பாராக இருந்தால் இரண்டு நிமிட வேலை. "இதுக்குத்தான் சார் அதை வாங்குனோம்" என்றார் சட்டம் கட்டிய மாணவர், விடாமல். சென்சர் தாங்கிக்கு மட்டும் 200 மி.மீ. நீளத்தில் ஒரு 2020 துண்டை அடிச்சட்டத்தின் முன்னால் போல்ட் போட்டுக் கொடுத்தோம்.

அடுத்த பருவத்துக்கான சாமான் பட்டியலில் பார் பாதியாகக் குறைந்திருக்கிறது. ரிவெட் கன் ஒன்று, 4.9 டிரில் பிட் ஒரு டஜன், எம்5-ல் 8, 10, 12, 16 என்று தனித்தனி டப்பாவில் உருளைத் தலை போல்ட், நல்ல எஃகில் நீளக் கைப்பிடி அலன் கீ, 2 முதல் 10 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று. டார்க் ரெஞ்ச் விலையைப் பார்த்துத் துறைத்தலைவர் கேள்வி எழுப்பியிருக்கிறார், ஒப்புதல் இன்னும் வரவில்லை.